வளைவுக்கு ஒரு விசில்

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நானும் உன் அக்காவும் சுகம். உன் சுகத்துக்கு என்ன குறை? நிழலில் உட்கார்ந்து ஊராரின் விடுமுறைக்குச் சீட்டு எழுதுகிற உத்தியோகம். வெயிலும் பனியும் எங்கள் பாடு.

நீ அனுப்பிய விசில் சுத்தக் குப்பை. உன் அக்கா கன்னம் உப்ப ஊதுகிறாளாம். எனக்கு வந்து சேருவது வெறும் காற்று. "ஒரு விசிலுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்று உங்கள் புது மேலாளர் கேட்டதாக எழுதியிருந்தாய். அவருக்கு நிதானமாக எடுத்துச் சொல். மலைமுகட்டு நடையில் நான் தலை, உன் அக்கா வால். நடுவில் நீங்கள் அனுப்பும் புண்ணியவான்கள். தலை திரும்பிப் பார்க்கக் கூடாது. பாதை குறுகல், தலை திரும்பினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் திரும்புவார்கள், ஒருவன் உருளுவான். அதனால் ஒவ்வொரு வளைவிலும் வால் ஊதும். ஒரு நீள ஊதல் என்றால் எல்லாரும் வந்தாயிற்று, நட. மூன்று குட்டி ஊதல் என்றால் நில். கேட்டதற்கு அடையாளமாகத் தலை கையைத் தூக்கும். இந்த ஊதலில்தான் எல்லார் உயிரும் இருக்கிறது.

செப்டம்பரில் சுற்றுலா அலுவலகத்தார் வந்து எங்களோடு நடந்து பார்த்துத்தான் அடுத்த வருடத்துக்கு முகட்டு நடைக்கு அனுமதி தருவார்களாம். அது போனால் எங்களுக்கு மிஞ்சுவது குளத்துப் படகுதான். படகில் உட்கார்ந்து வாத்துகளுக்கு வழிகாட்ட நான் பிறக்கவில்லை. ஆகவே நல்ல விசிலாகப் பார்த்து அனுப்பு.

எரிச்சலோடும் பிரியத்தோடும்,
அத்தான்

பிப்ரவரி 21

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் காய்ச்சல். மேலாளர் என் மேசைக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் முழங்கால் வலி எப்படி? அக்காவுக்கு இருமல் போயிற்றா?

போன விசிலைக் கடையிலேயே ஊதிப் பார்த்துத்தான் வாங்கினேன். கல்லாவில் இருந்தவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "தம்பி, வாங்குனா வாங்குங்க, இல்லன்னா வெளிய போய் ஊதுங்க" என்றார். மலைக்காற்றில் சத்தம் கரைந்துவிடுகிறதோ என்னவோ. இத்துடன் இன்னொன்று அனுப்புகிறேன், பந்தாட்ட நடுவர்கள் ஊதுவது.

ஒரு விஷயம் அத்தான். கடைத்தெருவில்தான் தொலைபேசி இருக்கிறதே, முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவீர்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற சண்டைக்குப் பத்து நாள் தபாலுக்குக் காத்திருக்கிறோம். ஏன்?

உங்கள் மைத்துனன்

மார்ச் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்கால் இருக்கிறது, இருமல் போய்விட்டது. நீ வேளைக்குச் சாப்பிடு.

ஏன் என்றா கேட்கிறாய்? தொலைபேசியில் நீ வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிறாய். கடிதம் முணுமுணுக்காது.

நடுவர் விசிலும் தேறவில்லை. இந்தக் காலத்தில் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்! போன வாரம் நீ அனுப்பிய கூட்டத்தில் ஓர் அம்மாள் குதிகால் செருப்போடு வந்து நின்று, "அருவியை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்றாள். பாறை வழுக்கும், கயிற்றைப் பிடியுங்கள் என்று தொண்டை வறளக் கத்துகிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அதற்கு முந்தைய வாரம் பறவை பார்க்கிற கோஷ்டி. கழுத்தில் தொலைநோக்கி கட்டிய ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து, "அதோ, அதோ கத்துது பாருங்க, அது என்ன பறவை?" என்றார். ஒன்றும் கத்தவில்லை. பணம் கட்டி வந்துவிட்டோமே என்று கற்பனை செய்கிறார்கள். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன், ஆனந்தமாகத் தலையாட்டினார். உண்மையில் போன வருடத்திலிருந்தே மலையை விட்டுச் சின்னப் பறவைகள் போய்க்கொண்டிருக்கின்றன. எல்லாம் நீங்கள் மூட்டை கட்டி அனுப்பும் இரைச்சலால் வந்த வினை. காலையில் கதவைத் திறந்தால் காடு ஊமையாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை மாப்பிள்ளை.

அத்தான்

மார்ச் 25

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். நீங்கள் சொன்னபடி வேளைக்குச் சாப்பிடுகிறேன். இருவரும் நலம்தானே?

மூன்றாவது விசில் அனுப்பியிருக்கிறேன். இது கப்பல் மாலுமிகள் உபயோகிப்பதாம். அறையில் வைத்து மெல்ல ஊதினேன், மாடியில் குடியிருப்பவர் இறங்கி வந்துவிட்டார்.

இன்னொன்று. உங்களிடம் நடந்து திரும்பிய ஒருவர் என் மேசைக்கு வந்து சண்டை போட்டார். "உங்க வழிகாட்டிக்கு என்னங்க அவ்வளவு கர்வம்? பின்னாலேர்ந்து எத்தனை தடவ கூப்பிட்டாலும் திரும்பவே மாட்டேங்கிறாரு" என்றார். தலை திரும்பக் கூடாது என்கிற முறையை விளக்கி அனுப்பிவைத்தேன். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கும் அன்றிலிருந்து என்னவோ போலிருக்கிறது. அக்காவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மைத்துனன்

ஏப்ரல் 7

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் அத்தான் சுகமா என்று கேட்காதே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

இனி விசில் அனுப்பாதே. எல்லா விசிலும் நன்றாகத்தான் இருக்கின்றன. மாலுமி விசிலை ஊதினால் எனக்கே மண்டை கிறுகிறுக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன் கடைசி வளைவில் விசில் என் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்துவிட்டது. குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். நான் ஊதவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், முன்னால் உன் அத்தான் கையைத் தூக்குகிறார். அடுத்த நடையில் வேண்டுமென்றே ஊதாமல் வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் கை எழுந்தது. வளைவு வந்தால் கை தானாக மேலே போகிறது, அவ்வளவுதான். எத்தனை நாளாக இப்படி என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கையை நம்பித்தானடா நான் பின்னால் நிம்மதியாக நடந்துகொண்டிருந்தேன்.

அவருக்குப் பக்கத்தில் பேசினால் கேட்கிறது, இடி கேட்கிறது. விசில் கேட்கவில்லை, பறவை கேட்கவில்லை. கெட்டில் கொதித்து விசிலடிப்பது கேட்காமல் தண்ணீர் வற்றிக் கருகிவிட்டது, கெட்டிலுக்குத் திட்டு. பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "உனக்கு ஊதத் தெரியல, அதச் சொல்லு" என்றார். ஒரு வாரம் நாயோடு மட்டும்தான் பேச்சு.

நீ எழுது. உன் எழுத்தைத் திட்டிக்கொண்டே இரண்டு தடவை படிப்பார். நாலு நாள் குதிப்பார், அப்புறம் யோசிப்பார். இப்போதைக்கு முன்னால் போகிறவரிடம் சொல்லி, அவர் அடுத்தவரிடம் சொல்லி, இப்படி வாய்மாற்றித்தான் அவரை நிறுத்துகிறேன். மூடுபனியில் இது செல்லாது. பனி இறங்குவதற்குள் எழுதிவிடு.

அக்கா

மே 2

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை.

இங்கே வெயில் கொளுத்துகிறது. அங்கே குளிர் எப்படி? பருவம் மாறும்போது உடம்பை அலட்சியம் செய்யாதீர்கள். என் நண்பன் ஒருவன் சும்மா ஒரு முழுப் பரிசோதனைக்குப் போனான், இப்போது புது மனிதனாக இருக்கிறான். நீங்களும் கீழே இறங்கும்போது ஒரு நடை போய் வரலாம். கண், பல், முழங்கால் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடுகிறார்கள். வயது ஆக ஆக யாருக்கும் எதுவும் வரலாம் அல்லவா.

இத்துடன் ஒரு விசில் இருக்கிறது. இது உலோகம்.

அக்காவுக்கு என் அன்பு. அவள் கடிதம் கிடைத்தது என்று சொல்லுங்கள். ஊர் விஷயங்கள்தான் எழுதியிருந்தாள், வேறொன்றுமில்லை.

உங்கள் மைத்துனன்

மே 20

தம்பிக்கு,

எங்கள் சுகத்தை விசாரித்திருந்தாய். உன் அத்தானுக்குக் கண் நன்றாக இருக்கிறது. பல்லும் நன்றாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை முகட்டின் நடுவில் மூடுபனி பிடித்துக்கொண்டது. அன்று போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தனியாக விட முடியுமா, நானும் போனேன். வழியில் ஓர் ஆசிரியை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். நில் என்று மூன்று ஊதல் ஊதினேன். திரும்பத் திரும்ப ஊதினேன். நீ அனுப்பிய உலோக விசில்தான், அது கீழ்ப் பள்ளத்தாக்கு வரை கேட்டிருக்கும். வாய்மாற்றிச் சொல்ல ஆள் இல்லை, பனியில் எல்லாரும் தள்ளித் தள்ளி நின்றுவிட்டார்கள். அவர் நடந்துகொண்டே இருந்தார். பாதிப் பேர் அவரோடு போனார்கள், பாதிப் பேர் என்னோடு நின்றார்கள். நடுவில் இருந்த புது மணஜோடி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஆட்டுத்தடத்தில் இறங்கிவிட்டது. இருட்டுவதற்குள் தேடிப் பிடித்தேன். பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறாள். அதற்கு மலைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், நமக்கு இல்லை.

சுற்றுலா அலுவலகத்தில் உன் அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "வால் ஊதவே இல்ல சார். ஊதியிருந்தா நின்னிருப்பேன்." என்னை நிற்கவைத்துக்கொண்டு சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை தம்பி, அதுதான் கொடுமை. அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். அங்கே வாயைத் திறந்தால் அவர் மானம் போகும், திறக்காததால் என் மானம் போயிற்று.

உன்னை ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னேன். நீ பல் டாக்டரைப் பற்றி எழுதினாய்.

அக்கா

மே 28

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இந்தத் தடவை சுகம் விசாரிக்காமல் நேராகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் வெயிலைப் பற்றி எழுதிவிடுவேன்.

உங்களுக்குக் காது சரியில்லை. அக்கா ஊதினாள். எல்லா நாளும் ஊதியிருக்கிறாள். விசில்களில் ஒரு குறையும் இல்லை. பறவைகள் மலையை விட்டுப் போகவில்லை. ஊதாமலே நீங்கள் கையைத் தூக்கியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அலுவலகத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றது தப்பு செய்ததால் அல்ல.

காது டாக்டரிடம் போங்கள். என் மேல் கோபப்படுங்கள், அவள் மேல் வேண்டாம்.

உங்கள் மைத்துனன்

ஜூன் 30

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் இருவரின் சுகத்தையும் தபால்காரர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார்.

செப்டம்பர் சோதனை நடை முடியும்வரை மலைக்கு ஆள் அனுப்பக் கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். எவ்வளவோ வாதாடினேன். "உங்க சொந்தக்காரங்கன்னு பாக்காதீங்க, கால் முறிஞ்சது யாரோ பெத்த பொண்ணுக்கு" என்றார்.

திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

உங்கள் மைத்துனன்

ஜூலை 26

மாப்பிள்ளைக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் அக்காவும் இருக்கிறாள். விசாரித்ததற்கு நன்றி.

நான் செவிடன் என்றால் நீ ஊமை. எது மோசம்? உனக்குத் தெரிந்து நாளாயிற்று. கடைக்காரன் காதைப் பொத்தினான், மாடிவீட்டுக்காரன் இறங்கி வந்தான், உன் அக்கா எழுதினாள். நீ எனக்கு விசில் மேல் விசிலாக அனுப்பிக்கொண்டிருந்தாய். மரியாதையாம்! அந்த மரியாதையால் ஒரு பெண் கட்டுப்போட்ட காலோடு படுத்திருக்கிறாள். உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன், பிறகு பாதியில் இழுத்தேன். கருகிய ஓரத்தோடு பெட்டியில் இருக்கிறது.

டாக்டரிடம் போனேன். உனக்காக அல்ல. ஒருநாள் காலையில் நாய் காதை நிமிர்த்தி மரத்தைப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. நானும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே கீழே இறங்கினேன்.

கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்துக் காதில் எதையோ மாட்டினார்கள். "சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க ஐயா" என்றார் டாக்டர், சின்ன வயசுப் பெண். தூக்கினேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் தூக்கினேன். இப்படியே தூக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கூண்டுக்குள் வந்து என் கையை மெதுவாக இறக்கிவிட்டு, "ஐயா, நான் இன்னும் ஒண்ணும் போடவே இல்ல" என்றாள். அப்படியே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

கீச்சுக் குரல்கள்தான் முதலில் போகுமாம். பேச்சு தங்குமாம். காதில் வைக்க ஒரு கருவி கொடுத்தாள். வீட்டில் பரவாயில்லை, முகட்டுக்காற்றில் பேய் மாதிரி இரைகிறது. கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அக்காவின் சட்டம். இனி அவள்தான் தலையாம். நான் வாலாம். "சம்மதம்னா நடப்போம், இல்லன்னா படகுக்குத் துடுப்பு செய்யச் சொல்லிடுங்க" என்கிறாள். தலை இருக்க வால் ஆடலாமா? எத்தனை வருடம் இந்த முகட்டில் முதல் காலடி என்னுடையது! இனி ஊரார் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டுமா? முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் துடுப்புக்கு மரம் பார்க்கப் போய்விட்டாள்.

அத்தான்

ஆகஸ்ட் 10

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் வந்ததில் எனக்கு வந்த சுகத்தை எழுதி மாளாது. ஊமை என்றதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் இப்போது வாயைத் திறக்கிறேன்.

அக்கா சொல்வதுதான் சரி. தலைக்கு வேண்டியது காது. வாலுக்கு வேண்டியது கண்ணும் வாயும். உங்கள் கண்ணில் குறையில்லை, வாய் எப்போதுமே தாராளம். ஊதுகிறவனுக்குத் தன் ஊதல் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அலுவலகத்தில் அவள் உங்களுக்காக நின்றாள். நீங்கள் அவளுக்காக அவள் பின்னால் நடக்க முடியாதா?

அடுப்பில் போடுவதாக இருந்தால் இதை முழுதாகப் போடுங்கள்.

உங்கள் மைத்துனன்

செப்டம்பர் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருவரும் சுகம். முழங்கால் வலி கூடியிருக்கிறது, மெதுவாக நடப்பதால். நீ எப்படி இருக்கிறாய்? மேலாளர் இன்னும் உன் முதுகுக்குப் பின்னால்தானா? ஒருவர் முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்க இருப்பது என்ன பிழைப்பு என்று இப்போது எனக்கும் தெரியும்.

சோதனை நடை முடிந்தது. வாலில் நடக்கிறவனின் துன்பத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருவன் மிட்டாய்க் காகிதத்தைப் போடுகிறான், அதை நான் பொறுக்க வேண்டும். ஒருத்தி பூவைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுகிறாள், நானும் நிற்க வேண்டும். நடையா இது? மாடு மேய்ப்பு. உன் அக்கா முன்னால் என்ன வேகம் போகிறாள் என்கிறாய்! இத்தனை வருடம் என் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள் போலிருக்கிறது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

புறப்படும் முன்பே அந்த அதிகாரியிடம் போய், "சார், அன்னிக்கு வால் ஊதுச்சு. எனக்குத்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டேன். அவர் பதிலுக்கு என்னவோ முணுமுணுத்தார். உன் அக்கா கயிற்றைச் சரிபார்ப்பதுபோலத் திரும்பி நின்றுகொண்டாள்.

அனுமதி கிடைத்துவிட்டது. வழிகாட்டி என்ற இடத்தில் அவள். என் பெயருக்கு நேரே 'உதவிக்கு வருபவர்' என்று போட்டிருக்கிறார்கள். நான் இன்னும் அந்தத் தாளைச் சுவரில் மாட்டவிடவில்லை. இரண்டு நாள் போகட்டும்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நான்தான் எழுதினேன். செவிடனே சங்கு ஊதினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்கிறேன். முதல் வளைவில் எனக்குச் சந்தேகம். இவளும் என்னைப்போல் பழக்கத்தில் கையைத் தூக்குவாளோ? ஊதாமல் நின்றேன். அவளும் நின்றுவிட்டாள். கை எழவில்லை. கூட்டம் முழுக்க நின்றது. அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். அவள் மட்டும் திரும்பவில்லை. தலை திரும்பக் கூடாது அல்லவா.

உலோக விசிலை எடுத்து ஊதினேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை மாப்பிள்ளை. முன்னால் அவள் கை எழுந்தது.

அன்புடன்,
அத்தான்